2,7,8-க்கு மதிப்பெண் கொடுங்கள்

தமிழ்வழி வேதியியல் பாடநூல்களையும் கையேடுகளையும் விடைக்குறிப்புகளையும் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். காவிரிப் படுகையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். இனி எனக்கு 17பி என்ற ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை கொடுக்க யாராலும் முடியாது என்ற துணிச்சலும் இந்த மடலில் கொஞ்சம் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விடைத்தாளிலிருந்து தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒரு திருப்புதல் தேர்வு. பத்து கார்பன் நீளத்தில் ஒரு சங்கிலியை வரைந்து, அதில் மூன்று மெத்தில் தொகுதிகளை (ஒரு கார்பன் கிளைகளை) தொங்கவிட்டு, ஐயூபேக் என்ற பன்னாட்டு வேதியியல் அமைப்பின் விதிப்படி பெயர் கேட்டிருந்தார்கள். ஒரு முனையிலிருந்து எண்ணினால் மெத்தில்கள் 2, 7, 8 ஆகிய இடங்களில் வரும். மறுமுனையிலிருந்து எண்ணினால் 3, 4, 9. எனக்கு வந்த விடைத்தாள் கட்டில் இருந்த ஒரு தாளில் அந்தப் பிள்ளை சங்கிலிக்கு மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை என்று பென்சிலால் எண்கள் போட்டுப் பார்த்து, கீழ் வரிசையை ஒரே கோடாக அடித்துவிட்டு, 2,7,8-டிரைமெத்தில்டெக்கேன் என்று எழுதியிருந்தது. விடைக்குறிப்பில் 3,4,9 என்று இருந்தது. காரணமும் அச்சிட்டிருந்தார்கள்: 3+4+9=16, 2+7+8=17, கூட்டுத்தொகை எது குறைவோ அதுவே சரி.

தவறு. அப்படி ஒரு விதியே கிடையாது. இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடமிருந்து ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட்டுக்கொண்டு வர வேண்டும். முதன்முதலில் எங்கே வேறுபடுகிறதோ அங்கே சிறிய எண் உள்ள வரிசைதான் வெல்லும். இங்கே முதல் எண்ணிலேயே வழக்கு முடிந்துவிடுகிறது: 2, 3. அதன் பிறகு 7 வந்தாலும் 8 வந்தாலும் கவலையில்லை. கூட்டிப் பார்க்கும் பழக்கம் சின்னக் கணக்குகளில் தற்செயலாகச் சரியாக வந்துவிடுவதால், யாரோ ஒருவர் அதை விதி என்று எழுதிவைக்க, கையேட்டுக்குக் கையேடு அது நகலாகிக்கொண்டே வந்திருக்கிறது.

நான் எழுந்து போய்க் கேட்டேன். முதன்மைத் தேர்வாளர் நல்ல மனிதர், என்னைவிட மூத்தவர். "நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும் ஐயா, விடைக்குறிப்பில் இல்லையே" என்றார். அந்தத் தாளில் சிவப்பு மையால் பூஜ்யம் போட்டவன் நான்தான். அந்தக் கை இன்றுவரை கூசுகிறது.

எண்ணைக் கூட்டுவது ஒரு தவறு, திருத்திவிட்டால் போயிற்று. அந்தத் தவறு ஏன் இத்தனை ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் பிழைத்துக் கிடந்தது என்பதுதான் என் கேள்வி. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த ஹைட்ரோகார்பன்களுக்குப் பெயரிடுவதை நாம் மனப்பாட வேலையாக்கி வைத்திருக்கிறோம். முதலில் பத்துப் பெயர்களின் அட்டவணை, பிறகு விதிகள், அதன் பிறகு பயிற்சி. மூலக்கூறு எப்படி இருக்கும் என்பது கடைசியில் ஒரு படமாக வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கட்டமைப்பு முதலில் வரட்டும். பெயரைப் பிள்ளைகளே அதிலிருந்து கட்டிக்கொள்வார்கள்.

மீத்தேனைப் பாருங்கள். கரும்பலகையில் அதை ஒரு கூட்டல் குறி போல வரைகிறோம்: நடுவில் கார்பன், நான்கு திசையிலும் ஹைட்ரஜன். பிள்ளைகள் மனத்தில் அது ஒரு சிலுவையாகவே பதிந்துவிடுகிறது. உண்மையில் அது நெருஞ்சி முள்ளைப் போன்றது. எப்படி உருட்டிப் போட்டாலும் மற்றவை தரையில் ஊன்றிக்கொள்ள, ஒன்று மேல்நோக்கியே நிற்கும். பிணைப்புகளுக்கு இடையிலான கோணம் 90 பாகை அன்று, 109.5 பாகை. இது தெரியாத பிள்ளை என்ன செய்யும்? நான்கு கார்பன் சங்கிலியின் கடைசி கார்பனைக் கீழே மடித்து வரைந்தால் அதைப் புதிய சேர்மம் என்று நினைக்கும். 2-எத்தில்புரப்பேன் என்று ஒரு பெயரை எழுதும். அப்படி ஒன்று இல்லவே இல்லை. அந்த எத்திலின் வால் வழியாகச் சங்கிலியை எண்ணிப் பார்த்தால் நான்கு கார்பன் வரும். அது 2-மெத்தில்பியூட்டேன். சங்கிலி என்றால் படுக்கைவாட்டில் நேராகக் கிடப்பது என்று நம் படங்கள் சொல்லிக்கொடுத்ததை அந்தப் பிள்ளை நம்பிவிட்டது, அவ்வளவுதான்.

என் வகுப்பில் சுண்டைக்காயும் ஈர்க்குச்சியும்தான் கருவி. ஒரு பை சுண்டைக்காய், ஒரு பழைய தென்னந்துடைப்பம். ஒரு காயில் நான்கு ஈர்க்கு. மூன்றைக் காலாக ஊன்றி, ஒன்றை மேலே நிறுத்தச் சொல்வேன். ஐந்து காய்களைக் கோத்து எத்தனை விதமாகச் சேர்க்க முடியும் என்று கேட்டால் முதல் பத்து நிமிடத்தில் ஏழெட்டு விதம் காட்டுவார்கள். பிறகு ஒன்றைத் திருப்பி இன்னொன்றின் பக்கத்தில் வைக்கும்போது, "ஐயா, இதுவும் அதுவும் ஒன்று" என்று அவர்களே சொல்வார்கள். கடைசியில் மேசையில் மூன்றுதான் மிஞ்சும். நேர் சங்கிலி ஒன்று, ஒரு கிளை உள்ளது ஒன்று, நடுக்காயைச் சுற்றி நான்கு காய்கள் நிற்பது ஒன்று. பென்டேனுக்கு மூன்று மாற்றியங்கள் என்ற வரியை நான் எழுதிப்போட்டதே இல்லை.

அந்த மூன்றும் வெறும் படத்தில் மட்டும் வேறு வேறு அல்ல. எல்லாவற்றிலும் ஐந்து கார்பனும் பன்னிரண்டு ஹைட்ரஜனும்தான். நேர் சங்கிலிப் பென்டேன் சுமார் 36 டிகிரியில் கொதிக்கிறது. ஒரு கிளை உள்ளது 28 டிகிரியில். உருண்டையாகத் திரண்டு நிற்கும் மூன்றாவது 9.5 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. மார்கழிக் காலையில் எங்கள் ஊரில் முதல் இரண்டும் திரவமாக இருக்கும், மூன்றாவது வாயு. கத்திரி வெயிலில் மூன்றுமே புட்டியில் தங்காது. நீளமான மூலக்கூறுகள் அடுக்கிவைத்த விறகு போல உடலோடு உடல் ஒட்டிக் கிடக்கின்றன, பிரிக்க அதிக வெப்பம் வேண்டும். உருண்டைகளுக்கு ஒட்டும் இடம் குறைவு. சுண்டைக்காய் உருவத்தைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

வரலாறும் இந்த வரிசையில்தான் நடந்தது. 1865இல் லண்டனில் ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய வேதியியலர், குரோக்கே விளையாடும் மரப்பந்துகளைக் குச்சிகளில் செருகி மேடையில் மூலக்கூறுகளைக் கட்டிக் காட்டினார். கார்பனுக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை என்று நாம் இன்றும் பயன்படுத்தும் நிறங்கள் அவர் மேசையில் இருந்தவை. அடுத்த ஆண்டுதான் அவர் பெயர்களுக்கு ஒரு திட்டம் முன்வைத்தார். ஆங்கில உயிரெழுத்து வரிசையையே விகுதியாக்கினார்: ஹைட்ரஜன் நிறைந்ததற்கு முதல் உயிர், இரண்டு ஹைட்ரஜன் குறைந்தால் அடுத்த உயிர், இன்னும் குறைந்தால் அதற்கடுத்தது. ஆல்கேன், ஆல்கீன், ஆல்கைன் என்று நாம் சொல்வதெல்லாம் அந்த வரிசையின் வாரிசுகள். ஆனால் ஹாஃப்மனின் உருவங்களும் தட்டையாகத்தான் இருந்தன. கார்பனின் நான்கு கைகளும் நான்முகியின் மூலைகளை நோக்குகின்றன என்று வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியே சொன்னது 1874இல். நம் கரும்பலகை இன்னும் 1865இலேயே நிற்கிறது.

இப்போது பெயருக்கு வருகிறேன். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரிடும் முறை புதிதே அன்று. பக்கத்து வகுப்பில் தமிழாசிரியர் பகுபத உறுப்பிலக்கணம் நடத்துகிறார். பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம். "வந்தனன்" என்ற சொல்லை ஆறு துண்டாகப் பிரித்துக் காட்டும் மாணவி, மணி அடித்து என் வகுப்புக்கு வந்ததும் பியூட்டேனைப் பிரிக்கத் தெரியாமல் விழிப்பாள். ஒரே மூளைதானே! பியூட் என்பது பகுதி: நான்கு கார்பன். ஏன் என்பது விகுதி: எல்லாம் ஒற்றைப் பிணைப்பு. விகுதி ஈன் என்று மாறினால் எங்கோ ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. ஐன் என்றால் முப்பிணைப்பு. மெத்தில், எத்தில் எல்லாம் முன்னால் வரும் அடைமொழிகள். நம் மொழியிலும் அடைமொழி முன்னால்தான் வரும்.

சாரியைகூட இருக்கிறது. ஓர் இரட்டைப் பிணைப்பு என்றால் பியூட்-2-ஈன். இரண்டு இருந்தால் பியூட்டா-1,3-டைஈன். அந்த "ஆ" எங்கிருந்து வந்தது என்று ஒரு மாணவி கேட்டாள். எந்தக் கையேடும் பதில் சொல்லவில்லை. "மரத்தை" என்ற சொல்லில் "அத்து" எங்கிருந்து வந்தது என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டாள். டை என்பது மெய்யில் தொடங்குவதால், மெய்யும் மெய்யும் மோதாமலிருக்க நடுவில் ஓர் உயிர் வந்து உட்காருகிறது. பொருள் எதுவும் இல்லை, ஒலிக்காக வந்தது. அதன் பிறகு அவள் அதை மறந்ததே இல்லை.

பகுதிகளின் கதையையும் ஒரு பக்கத்தில் சொல்லிவிடுங்கள். முதல் நான்கும் ஏன் எண்ணுப்பெயராக இல்லை என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்பார்கள். மெத்தில் என்பது கிரேக்கத்தில் மதுவையும் மரத்தையும் குறிக்கும் இரண்டு சொற்களின் கூட்டு; மரத்தைக் காய்ச்சி வடித்த சாராயத்திலிருந்து வந்த பெயர். அந்தக் கிரேக்க "மெத்து"வும் நம்மிடம் வந்து சேர்ந்த வடசொல் "மது"வும் ஒரே வேரில் கிளைத்தவை. மதுவுக்குத் தேன் என்றும் பொருள் உண்டு. ஆகவே மீத்தேனில் தேன் ஏன் இருக்கிறது என்று கடைசி பெஞ்சு கேலி செய்தால் அடிக்க வேண்டாம், பாதி உண்மை அது. ஈத்தேன் ஈதரிலிருந்து வந்தது. புரப்பேன், கொழுப்பு அமிலங்களின் வரிசையில் முதலாவதாகக் கருதப்பட்ட புரப்பியானிக் அமிலத்திலிருந்து. பியூட்டேன் ஊசிப்போன வெண்ணெயில் நாறும் பியூட்டிரிக் அமிலத்திலிருந்து. ஐந்திலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஹாஃப்மன் பியூட்டேனையும் எண்ணாலேயே அழைக்க விரும்பி குவார்ட்டேன் என்றார். உலகம் வெண்ணெயை விடவில்லை.

விதிகள் ஏன் வேண்டியிருந்தன என்பதற்கும் ஒரு கணக்கு போதும். பியூட்டேனுக்கு இரண்டு மாற்றியங்கள், பென்டேனுக்கு மூன்று, ஹெக்சேனுக்கு ஐந்து, ஹெப்டேனுக்கு ஒன்பது, ஆக்டேனுக்குப் பதினெட்டு, டெக்கேனுக்கு 75. இருபது கார்பனுக்கு 3,66,319. இதைக் காகிதத்தில் எண்ண முயன்ற கணித மேதை ஆர்தர் கேலி, 12, 13 கார்பன்களுக்குத் தவறான விடை தந்தார் என்பதை என் மாணவர்களிடம் ஆசையோடு சொல்வேன். ஐசோ, நியோ என்று பழைய முன்னொட்டுகளை ஒட்டிக்கொண்டே போனால் எவ்வளவு தூரம் போக முடியும்? 1892இல் ஜெனீவாவில் வேதியியலர்கள் கூடி, நீண்ட சங்கிலியைப் பிடி, அதற்கு எண் கொடு, கிளைகளை எண்ணோடு சொல் என்று முடிவு செய்தது இந்த நெருக்கடியால்தான். பழைய பழக்கம் உடனே சாகவில்லை என்பதற்குப் பெட்ரோல் நிலையமே சாட்சி. ஆக்டேன் எண் 100 என்று வைக்கப்பட்ட பொருளை ஐசோஆக்டேன் என்கிறார்கள். ஐசோ என்ற முன்னொட்டின் முறைப்படி பார்த்தால் அது 2-மெத்தில்ஹெப்டேனாக இருக்க வேண்டும். இருப்பதோ 2,2,4-டிரைமெத்தில்பென்டேன்.

இனி, உங்களால் மட்டுமே தீர்க்க முடிந்த இரண்டு மூன்று தொல்லைகள்.

ஒன்று அகரவரிசை. கிளைகளை அகரவரிசையில் எழுத வேண்டும் என்று தமிழில் அச்சிட்டிருக்கிறீர்கள். எந்த அகரவரிசை? ஏழு கார்பன் சங்கிலியில் இரண்டாம் இடத்தில் ஒரு மெத்திலும் நான்காம் இடத்தில் ஒரு புரப்பைலும் இருந்தால், 2-மெத்தில்-4-புரப்பைல்ஹெப்டேன் என்பதே விடை. தமிழ் அகரவரிசை தெரிந்த பிள்ளை பகரத்துக்குப் பின்னரே மகரம் என்று, புரப்பைலை முன்னால் எழுதும். நாம் அதற்குத் தவறு போடுவோம். எத்தில், பியூட்டைல் வந்தாலும் இதே கதிதான்; ஆங்கில வரிசையில் பியூட்டைல் முந்தும், தமிழில் எத்தில். விதியை நம்பியவனுக்குத் தண்டனை, விதியைப் படிக்காமல் விடையை உருப்போட்டவனுக்கு மதிப்பெண். ஆங்கில அகரவரிசைப்படி என்று இரண்டு சொல் சேர்த்தால் தீர்ந்துவிடும்.

இன்னொன்று எழுத்துக்கூட்டல். ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் மூன்றுக்கும் இடையில் இருப்பது ஒரே ஓர் உயிர்க்குறி. ஒரே நூலில் ஒரு பக்கத்தில் மெத்தில், அடுத்த பக்கத்தில் மெத்தைல் என்று வந்தால், ஐகாரத்தைக் கண்டதும் முப்பிணைப்போ என்று பிள்ளை தடுமாறுகிறது. இலங்கைத் தமிழ் நூல்களில் மெதேன், எதேன், ஐதரோகாபன் என்று எழுதுகிறார்கள். எது நல்லது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஒரு நூலுக்குள் ஒரே எழுத்துக்கூட்டலாவது இருக்கட்டும்.

மூன்றாவது, பெயர் மாறுகிறது என்பதை ஒப்புக்கொள்வது. 2-பியூட்டீன் என்று எழுதியவர்களை ஐயூபேக்கின் 1993 பரிந்துரைகள் பியூட்-2-ஈன் என்று எழுதச் சொன்னன. 2013 பரிந்துரைகளில் அதைவிடப் பெரிய மாற்றம் வந்தது: இரட்டைப் பிணைப்பு முதன்மைச் சங்கிலிக்குள் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது போய், நீளமே முதல் தகுதி ஆனது. முன்பு 2-எத்தில்பென்ட்-1-ஈன் என்று அழைத்ததை இப்போது 3-மெத்திலிடீன்ஹெக்சேன் என்கிறார்கள். பதினோராம் வகுப்புக்கு இதெல்லாம் வேண்டாம் என்பீர்கள். சரி. ஆனால் அசெட்டிலீன் என்று எழுதிய பிள்ளைக்கு, ஐயூபேக் பெயர் ஈத்தைன்தான் என்று மதிப்பெண்ணைக் குறைக்கும் விடைக்குறிப்புகளை என்ன செய்வது? அதே 2013 பரிந்துரைகளில் அந்தச் சேர்மத்துக்கு முன்னுரிமை பெற்ற பெயர் அசெட்டிலீன்தான். ஈத்தைன் பொது வழக்கில் அனுமதிக்கப்பட்ட பெயர்.

அசெட்டிலீனைப் பற்றிப் பேசும்போது மாம்பழத்தை விட முடியாது. கார்பைட் கல்லில் ஈரம் பட்டால் வரும் வாயு அது. கேஸ் வெல்டிங் பட்டறையில் எரிவதும் அதுவே. கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை. ஆர்சனிக், பாஸ்பரஸ் மாசுகள் கூடவே வரும். எத்திலீன் (ஈத்தீன்) வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை பயன்படுத்தலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. பழம் தானாகவே சுரந்து பழுப்பதும் எத்திலீனால்தான். இரண்டு வாயுக்களுக்கும் வித்தியாசம் இரண்டே ஹைட்ரஜன். ஒன்றில் முப்பிணைப்பு, 1.20 ஆங்ஸ்ட்ராம் நீளம். மற்றதில் இரட்டைப் பிணைப்பு, 1.34. பழமண்டியில் மூட்டை தூக்கும் தகப்பனின் பிள்ளைக்கு ஈனும் ஐனும் வெறும் விகுதிகள் அல்ல. பாடநூலில் இந்த ஒரு பத்தி போதும்.

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு ஹைட்ரோகார்பன் என்ற சொல் உங்கள் நூலிலிருந்து வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து நெடுவாசலில் மக்கள் கூடி உட்கார்ந்தபோது டீக்கடைகளிலும் களத்துமேட்டிலும் பேசப்பட்ட சொல் அது. அதற்கு முன்பே மீத்தேன் என்றால் வயலைப் பறிக்க வருவது என்று டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வாரம் வகுப்பில் ஹைட்ரோகார்பன் என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு பெண் எழுந்து, "விஷம் ஐயா" என்றாள். அவள் அப்பா நெடுவாசலுக்குப் போய் வந்தவர். நான் அவளைத் திருத்த அவசரப்படவில்லை. சாண எரிவாயுக் கலத்தில் இருப்பதும், தேங்கிய நீரடியில் நம் நெல்வயல் சேறு விடுகிற குமிழியில் இருப்பதும் அதே மீத்தேன் என்று சொன்னேன். நிலத்தை என்ன செய்து அதை எடுக்கிறார்கள் என்பதுதான் அப்பா கேட்கும் கேள்வி, அது வேறு கேள்வி, நியாயமான கேள்வி என்றும் சொன்னேன். பிறகு ஒரு சுண்டைக்காயையும் நான்கு ஈர்க்கையும் அவள் கையில் கொடுத்தேன்.

அடுத்த பதிப்புக்கு மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் பெயரிடும் பாடத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள். கட்டணம் வேண்டாம். பத்து நாளில் திருத்தி அனுப்பிவிடுவேன். பயிற்சிக் கணக்குகளில் முதலாவதாக அந்தப் பத்து கார்பன் சங்கிலியையே வையுங்கள், 2,7,8 என்ற விடையோடு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுகலை ஆசிரியர் (வேதியியல்),
திருவாரூர் மாவட்டம்